பச்சைக் காரும் பாச்சை உருண்டையும்

மழை விட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. சிமெண்ட் தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தேன். ஒரு தேக்கத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. நிமிர்ந்தேன். எங்கள் வீட்டுக் கார் நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை.

இடம், இங்கிலாந்து. என் அண்ணன் சேவியர் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். யுத்த காலத்தில் விமானங்கள் ஏறி இறங்கிய தளம். இப்போது கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழைய கார்ச் சந்தை கூடுகிறது. நம் ஊர் மாட்டுச் சந்தையேதான். பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குப் பதில் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள்.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். அங்கே போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரர்களிடம் அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது. என் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்துப் பேச்சு அப்படியே வாயில் வந்துவிடும்.

"இன்னா ஸ்டெல்லா, பேயறஞ்சா மாதிரி நின்னுக்கினு கீற?"

"அண்ணே, அங்க பாரு."

அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அடி ஆத்தே! நம்ம வண்டி!"

எங்கள் வண்டியேதான் கடல் தாண்டி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன். இது அதன் உடன்பிறப்பு. அதே மாடல், அதே காலம், ஏறக்குறைய அதே பச்சை. உருண்டு திரண்ட மட்கார்டு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, முன்னால் ஹேண்டில் விட்டுச் சுற்றிக் கிளப்ப ஒரு ஓட்டை. ஐம்பது வருஷமாகக் கனவில்கூட வராத சாமான் இப்படிக் கண் முன்னால் நின்றால் மனுஷி என்ன செய்வாள்? நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்துத் தானும் கும்பிட்டாள்.

பெயர் சொல்ல மாட்டேன்

அது எந்தக் கம்பெனிக் கார் என்று எழுதப்போவதில்லை. போன மாதம் இந்தப் பத்திரிகையில் எங்கள் வீட்டு ரேடியோவின் பெயரை எழுதினேன். அந்த ரேடியோவில் பச்சை விளக்கு இடது பக்கம் இருந்ததா வலது பக்கம் இருந்ததா என்று கேட்டு வாசகர்கள் உயிரை வாங்கிவிட்டார்கள். எங்களுக்கு அது 'வண்டி'. அவ்வளவு போதும்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தோணி மேஸ்திரி என்றால் அம்பத்தூர் முழுக்கத் தெரியும் என்று சொன்னால் அது பொய். கள்ளிக்குப்பத்தில் நாலு தெருவுக்குத் தெரியும். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிட்டர் மேஸ்திரி. தண்ணீர் இறைக்கும் மோட்டார், தையல் மிஷின், கோயில் மணியின் நாக்கு, எது கெட்டுப்போனாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். நைனா காசு பேசமாட்டார். "மேஸ்திரி தொட்டா அப்புறம் நிக்காது" என்று தெருவில் சொல்வார்கள். அதுதான் அவருக்குக் கூலி. அதைச் சொல்லும்போது அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடும்.

அறுபதுகளின் கடைசியில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் இந்தக் கார் கிடந்தது. சக்கரம் இல்லை, சீட்டில் எலிக் குடும்பம். இரும்புக் கடைக்குப் போக இருந்ததை நைனா மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மாட்டு வண்டியில் கார் வருவதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருஷம். பட்டறை விட்டு வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதனடியில் போய்ப் படுத்துவிடுவார். சந்தையில் கிடைக்காத சாமானைத் தானே அரத்தால் ராவி ராவிச் செய்தார். ஒரு நாள் அது இருமியது, தும்மியது, அப்புறம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நைனா அழுதார். என் நைனா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வண்டிக்கு அடித்த பச்சை பெயிண்ட் மீந்துபோய், எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல், அரிசி டிரம் எல்லாம் பச்சையாகின.

தெருவுக்கே ஒரு கார்

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் போனதும், பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நைனா இரண்டுக்கும் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்து ஆசீர்வாதமும் வாங்கிய வண்டி அது.

பிறகு அது எங்கள் கார் என்பது பெயருக்குத்தான். கல்யாணப் பெண் அழைப்பு, பாம்புக் கடி, ஆவடி ரயிலடிக்கு அவசரமாகப் போகவேண்டியவர், எல்லாரும் அதில்தான். திரும்புவதற்கு முன்னால் கதவுத் தூணிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறக் கை டக்கென்று வெளியே நீட்டும். நாங்கள் அதைக் கைகாட்டி என்போம். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள்.

அப்புறம் பெட்ரோல் விலை எகிறிய வருஷம் வந்தது. எழுபதுகளின் நடுவில் அது எல்லார் வீட்டிலும் பேச்சாக இருந்தது, எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிலும் அதே பேச்சு. "கட்டாது, வித்துடலாம்" என்பாள் அம்மா. "பாப்போம்" என்பார் நைனா. அவர் 'பாப்போம்' என்று சொன்னால் விற்கத்தான் போகிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்டியை விற்றுவிட்டால் நைனா மறுபடியும் பழையபடி பேசாத மனுஷனாகிவிடுவார் என்று பயந்தேன்.

முனியம்மா அக்காவின் புருஷன் ஏழுமலை அண்ணன் லாரியில் கிளீனர். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டே நைனாவிடம் சொன்னார்.

"அண்ணாத்தே, டேங்க்ல ரெண்டு பாச்சா உருண்ட போட்டுப் பாரு. பெட்ரோலு கால்வாசி மிச்சமாவும். வண்டி சும்மா பிச்சிக்கினு போவும்."

"போய்யா, புடவைக்குப் போடறத வண்டிக்குப் போடச் சொல்றான்" என்று நைனா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பாச்சை உருண்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு பொட்டலம்

அம்மாவின் தகரப் பெட்டியில், கல்யாணப் பட்டுப் புடவைக்கு அடியில், பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பதினைந்து இருபது உருண்டை. கோலிக் குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு போட்டால் கால்வாசி மிச்சமென்றால் பொட்டலம் முழுக்கப் போட்டால்? ஒன்பது வயதுக் கணக்கு. இனிமேல் பெட்ரோலே வாங்கவேண்டியதில்லை என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு.

மத்தியானம் அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். வண்டியின் பின்பக்கம் மூடியைத் திருகி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். டொப், டொப் என்று அடியில் போய் விழும் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே டேங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கிறது என்று இப்போது சொல்வேன். அப்போது தெரியவில்லை. கையை முகர்ந்து பார்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நைனாவுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்துவிட்டேன் என்று நெஞ்செல்லாம் பூரிப்பு.

இரண்டாம் நாள் மத்தியானம் முனியம்மா அக்காவுக்கு வலி எடுத்தது.

ரயில்வே கேட்

தலைப்பிள்ளை. நாள் இன்னும் பாக்கி இருந்தது. நைனா அன்று வீட்டில் இருந்தார். அக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அம்மா அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். முன்னால் ஏழுமலை அண்ணன். வண்டி கிளம்பிப் போனபின்தான் துணி மூட்டை வாசலிலேயே கிடப்பதைப் பார்த்தோம். என் அண்ணன் சைக்கிளை எடுத்தார். நான் மூட்டையோடு கேரியரில் உட்கார்ந்தேன்.

காரைச் சைக்கிளில் பிடிக்க முடியுமா? பிடித்துவிட்டோம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அது நின்றுபோயிருந்தது.

நைனா ஹேண்டிலை விட்டுச் சுற்றினார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வண்டி ஒரு விக்கல் விக்கும், செத்துப்போகும். உள்ளேயிருந்து முனியம்மா அக்காவின் குரல். அந்தக் குரலை நான் எழுதப்போவதில்லை. "இன்னா மேஸ்திரி, இன்னாச்சு, இன்னாச்சு?" என்று ஏழுமலை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பானெட்டைத் திறந்தபோது பெட்ரோலோடு இன்னொரு வாசனையும் வந்தது. பட்டுப் புடவை வாசனை. நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஷிப்டு விட்டது.

எஸ்டேட்டுப் பக்கமிருந்து சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. பத்து, இருபது, ஐம்பது. காக்கிச் சட்டை, எண்ணெய்க் கை, ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டு அடுக்கு. முதலில் வந்தவர் காலை ஊன்றிக் கேட்டார்.

"இன்னாப்பா, பேட்டரி டவுனா?"

"உள்ள பிரசவ வலிப்பா" என்றார் நைனா. அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மனுஷன் சைக்கிளை அப்படியே சாலையோரம் போட்டார். அவர் பின்னால் வந்தவரும் போட்டார். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பின்னால் இடம் கிடைக்காதவர்கள் பக்கவாட்டில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். நைனா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "ஏலோ!" என்று ஒரு குரல். வண்டி நகர்ந்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மடத்து டிஸ்பென்சரி முக்கால் மைல் தள்ளி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இனி நேரமில்லை என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். நாற்பது ஆண்கள் அந்த வண்டியை ஓட ஓடத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே வந்த லாரி ஒதுங்கி நின்றது. எதிரில் வந்த பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி ஓடிவந்து கை கொடுத்தார்கள். திருப்பத்தில் நைனா மறக்காமல் கைகாட்டியைப் போட்டார். அந்தக் குட்டி ஆரஞ்சுக் கை நீட்டிக்கொண்டு நிற்க, எஞ்சின் இல்லாத கார் மனுஷ மூச்சில் திரும்பியது. நான் என் ஆயுசில் பெரிய பெரிய கோயில் தேரெல்லாம் பார்த்துவிட்டேன். இதற்கு ஈடாக ஒன்றும் பார்க்கவில்லை.

மடத்து வாசலில், கார்க் கதவைத் திறப்பதற்குள், பின் சீட்டிலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட சிஸ்டர் அதைத் தலைகீழாகப் பிடித்தார், முதுகில் தட்டினார். நாற்பது ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது அழாவிட்டால் யார் காரணமென்று. 'மாதாவே, மாதாவே' என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அழுதது. வீறிட்டு அழுதது.

எண்ணெய்க் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆட்கள் சிரித்தார்கள். பிறகு சைக்கிளை எடுக்க முக்கால் மைல் திரும்பி நடந்தார்கள். ஒருத்தர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

பாச்சா மேஸ்திரி

குழந்தைக்குச் செல்வி என்று பெயர் வைத்தார்கள். முனியம்மா அக்கா இரண்டு மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நைனா வண்டியின் டேங்கைக் காலி பண்ணினார். ஏழுமலை அண்ணன் நேரே வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "இன்னா கோளாறு மேஸ்திரி, சொல்லு" என்றார். தெருவில் பாதிப் பேர் நின்றார்கள்.

"நாந்தான்யா. நீ சொன்னியேன்னு பாச்சா உருண்டயப் போட்டேன். பைப்பு அடச்சிக்கிச்சி" என்றார் நைனா.

அப்புறம் யாரோ சிரித்தார்கள். "மேஸ்திரியே இப்டி பண்ணா மத்தவன் இன்னா பண்ணுவான்?" என்றார் ஒருவர். ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. "கிளீனரு நானு உளறினா நீ கேப்பியா?" என்று திட்டிவிட்டுப் போனார். அதன்பின் மூணு மாதம் பேசவில்லை.

நைனாவும் போட்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'தான் பிற்பாடு என்னை வருஷக் கணக்கில் அரித்தது. அவர் இரண்டு போட்டிருப்பார், என் பொட்டலம்தான் வேலையைக் காட்டியது, பழி மட்டும் அவருக்கு. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "சர்க்கரை திருடித் தின்றேன் சாமி" என்று வந்தது. மூன்று முறை ஜெபம் சொல்லச் சொன்னார். ஆறு முறை சொன்னேன்.

நைனாவுக்குப் 'பாச்சா மேஸ்திரி' என்று பெயர் விழுந்தது. வாசலுக்கு மோட்டார் வருவது குறைந்தது, தையல் மிஷின் நின்றே போயிற்று. வண்டியைச் சுத்தம் செய்து மாட்டியபின் நன்றாகத்தான் ஓடியது. ஏறத்தான் ஆள் இல்லை. குத்தம்பாக்கத்து விவசாயி ஒருவர் வாங்கிப்போனார். எஞ்சின் அவர் வயலில் தண்ணீர் இறைத்தது, கூடு கோழிக்கு வீடானது. நான் பிற்பாடு எந்தக் காரையும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் கண் பார்வை சரியில்லை என்பேன்.

பின் சீட்டில்

விமானதளத்துக்கு வருகிறேன். விற்பவர் ஒரு தொப்பிக் கிழவர். நான் கும்பிட்டதைப் பார்த்திருந்தார். "ஏறி உட்காருங்கள்" என்று கதவைத் திறந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அண்ணன் ஸ்டியரிங்குக்கு முன்னால். அவருக்கு இப்போது நைனாவின் பிடரி. தோலும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை. அண்ணன் ஒரு சுவிட்சைத் தட்டினார். கைகாட்டி டக்கென்று நீட்டியது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு வண்டி நின்னுச்சே, நைனா போட்டது மட்டும் இல்ல. நான் ஒரு பொட்டலம் போட்டேன். முழுப் பொட்டலம்."

அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ போட்டது தெரியும். நைனா ஒண்ணுகூடப் போடல."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நைனா டேங்க காலி பண்ணப்ப நான்தானே கீழ பேசின் புடிச்சிக்கினு இருந்தேன். வெள்ள வெள்ளயா கொழகொழன்னு வந்துச்சி. நைனா மோந்து பாத்தாரு. 'நீயா?'ன்னாரு. பயத்துல, நான் இல்ல, ஸ்டெல்லா பொட்டியத் தொறந்தத பாத்தேன்னு உன்னிய போட்டுக் குடுத்துட்டேன். அட்ச்சிடுவாருன்னு நெனச்சேன். அப்டியே குந்திக்கினு இருந்தாரு. அப்பறம் சொன்னாரு, 'கொழந்த காது கேக்க வித்துடலாம் வித்துடலாம்னு பேசினோமில்ல, அதான் அது இத்த பண்ணிகீது.'"

"என்னியக் கேட்டிருக்கலாமே அண்ணே? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"நானும் அதான் கேட்டேன். 'கேட்டா ஒண்ணு பொய் சொல்லும், இல்ல அழுவும். ரெண்டும் வேணாம்'னாரு. 'அவளாண்ட மூச்சு உடாத, சத்தியம் பண்ணு'ன்னாரு. பண்ணேன். ஏழுமல அண்ணன் வந்தாரு. மீதிதான் உனுக்கே தெரியுமே."

ஐம்பது வருஷம் அண்ணன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். கடலைக் கடந்து போய், கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து, நைனாவை அடக்கம் செய்தபோதுகூட வாயைத் திறக்காமல். நைனா போய்ச் சேரும் வரைக்கும் இருபது வருஷம் 'பாச்சா மேஸ்திரி'யாகவே இருந்தார். கூப்பிட்டவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். வீட்டில் சில சமயம் நானும் சிரித்திருக்கிறேன். நான் சிரிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று தொப்பிக் கிழவர் நினைத்துக்கொண்டு, குறைத்துத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாராம். காரை வாங்கவில்லை. வாங்கி எங்கே நிறுத்துவது?

இந்தப் பத்திரிகை கள்ளிக்குப்பத்தில் கடையில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டேன். ஏழுமலை அண்ணன் இல்லை. முனியம்மா அக்கா இருக்கிறாரா என்று தெரியவில்லை. செல்விக்கு ஐம்பது வயது இருக்கும். செல்வி, நீ காரில் பிறந்த கதையை உன் வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். நீயும் உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாய். அதில் ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள். மேஸ்திரி டேங்கில் எதையும் போடவில்லை. போட்டது நான், அந்தோணி மேஸ்திரி மகள் ஸ்டெல்லா.